கேட்பாரற்ற சரக்கா காட்டுப் பூ?

ஈராண்டுகளுக்கு முன் நாம் செய்த ஒரு காரியத்தை வாசக நண்பர்களிடம் ஒப்புக்கொண்டு இக்கட்டுரையைத் தொடங்குகிறோம். அது மிகச் சிறிய காரியம் என்று அன்று எண்ணினோம். இன்று அப்படி எண்ண முடியவில்லை.

பேராக் மாநிலத்தில் நண்பர் ஒருவரின் இல்லத் திருமணத்துக்குப் போய்த் திரும்பும் வழியில், மலைச்சாரலில் சற்று இளைப்பாற வண்டியை நிறுத்தினோம். சாலையை விட்டு இருபது அடி உள்ளே நடந்தால் பெருங்காடு. வெளியே கண்ணைக் கூசும் வெயில். உள்ளேயோ மஃரிபு வேளை போன்ற மங்கல். அங்கே, மக்கிப்போன ஒரு மரத்தின் பக்கத்தில், முழங்கால் உயரத்தில் ஒரு செடி பூத்து நின்றது. கருப்பு என்றே சொல்லத்தக்க ஊதா நிறத்தில் ஒரு பூங்கொத்து. அதன் மேலே வௌவால் சிறகு விரித்தாற்போல் நிமிர்ந்த இரண்டு வெளிறிய மடல்கள். அவற்றில் ஊதா நரம்புகள். கீழே பூனை மீசை போல் தொங்கும் நீண்ட இழைகள். இப்படி ஒரு பூவை நாம் அதற்கு முன் கண்டதில்லை.

கண்டவுடன் என்ன செய்தோம்? வண்டியில் கிடந்த ஓர் இரும்புக் கம்பியால் சுற்றிலும் கிளறி, கிழங்கோடு பிடுங்கி, கல்யாண வீட்டில் கொடுத்த பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம். யாரும் பார்க்கவில்லை, யாருக்கும் நஷ்டமில்லை என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். வீட்டு முன்புறம், எல்லோர் கண்ணிலும் படும்படி, வெயிலில் ஒரு தொட்டியில் வைத்தோம். மூன்று வேளையும் தண்ணீர் ஊற்றினோம். மூன்று வாரத்தில் இலை கருகி, கிழங்கு அழுகி, செடி செத்துப் போயிற்று.

அன்றிரவு வழக்கம்போல் கடைக் கணக்கை எழுத உட்கார்ந்தபோது ஓர் எண்ணம் உறுத்தியது. நாம் வியாபாரிகள். ஐந்து காசு வந்தாலும் போனாலும் ஓர் ஏட்டில் இடம் பெறுகிறது. யாரிடமிருந்து வந்தது, யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பது தெளிவாகாமல் நாம் பேரேட்டை மூடுவதில்லை. இந்தச் செடியை எந்தப் பக்கத்தில் எழுதுவது? வரவு என்றால் யார் பற்றிலிருந்து? நஷ்டம் என்றால் யாருடைய நஷ்டம்? அந்தக் கேள்விக்கு விடை தேடிய கதைதான் இது.

முதலில், செடி ஏன் செத்தது என்று தெரிந்துகொண்டோம். அறிந்தவர்களிடம் படத்தைக் காட்டிப் பெயர் கேட்டோம். அது வௌவால் பூ என்றும், தாவர நூலில் அதற்கு டாக்கா இன்டெக்ரிஃபோலியா என்று பெயர் என்றும் சொன்னார்கள். செடி விற்கும் தோட்டங்களில் பெரும்பாலும் கிடைப்பது அதன் உறவினமான டாக்கா சான்ட்ரியெரி. அதன் மடல்கள் கருத்திருக்கும். நாம் கண்டதன் மடல்கள் வெளிறியவை. இரண்டையும் பிரித்தறிய அந்த ஓர் அடையாளம் போதும். ஆனால் அடையாளம் தெரியுமுன்பே நாம் அதைக் கொன்றுவிட்டோம். பெயர் கூடத் தெரியாத ஒன்றை எடுத்து வந்து, அதற்கு என்ன வேண்டும் என்று கேளாமல், நமக்குப் பிடித்த இடத்தில் நிறுத்தினோம்.

அடர்ந்த காட்டின் தரைக்கு எட்டும் வெளிச்சம் மிகச் சொற்பம். மரங்களின் உச்சியில் விழும் ஒளி நூறு பங்கு என்றால், தரையில் நிற்கும் செடிக்குக் கிடைப்பது ஒன்று அல்லது இரண்டு பங்குதான். அந்தச் சொற்ப வரவில் குடும்பம் நடத்தக் கற்றவை இந்த நிழற்செடிகள். இலையை அகலமாக விரிக்கும், மெதுவாக வளரும், எதையும் வீணாக்காது. அவற்றின் வேர் நிற்பதும் வெறும் மண்ணில் அன்று. மக்கிய இலைகளும், அவற்றிடையே ஓடும் மெல்லிய பூஞ்சை நூல்களும் சேர்ந்த படுகை அது. காட்டுச் செடிகளில் மிகப் பலவற்றுக்கு அந்தப் பூஞ்சையோடு கொடுக்கல் வாங்கல் உண்டு. பூஞ்சை மண்ணிலிருந்து சத்தைத் திரட்டிக் கொடுக்கும். செடி தன் இலையில் சமைத்த சர்க்கரையைத் திருப்பிக் கொடுக்கும். இப்படித் தலைமுறை தலைமுறையாக நடக்கும் கூட்டு வியாபாரத்திலிருந்து ஒரு பங்காளியைப் பிய்த்து எடுத்து, செம்மண் தொட்டியில் வெயிலில் நிறுத்தினால் அது எப்படிப் பிழைக்கும்?

நம் காடுகளில் இதற்கு இன்னும் தெளிவான சான்று ஒன்று உண்டு. மயில் நிறப் பன்னம் என்று சொல்லத்தக்க ஒரு செடி, செலாஜினெல்லா வில்டெனோவி என்பது, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் காட்டோர நிழலில் படர்ந்திருக்கும். நிழலில் அதன் இலை மயிற்கழுத்துப் போல் நீலமாக மின்னும். அந்த நீலம் சாயம் அன்று. இலையின் மேற்பரப்பிலுள்ள மெல்லிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் தோன்றுவது. அதையே வெயிலில் கொண்டுவந்து வைத்தால் நீலம் மறைந்துவிடும். சாதாரணப் பச்சையாய் நிற்கும். எந்த அழகைக் கண்டு ஆசைப்பட்டு எடுத்தோமோ, எடுத்த மாத்திரத்தில் அந்த அழகே கையை விட்டுப் போய்விடுகிறது.

சரி, வளர்க்கத் தெரியாமல் கொன்றது அறியாமை. வளர்க்கத் தெரிந்திருந்தால் எடுத்தது நியாயமாகி விடுமா? இந்த இடத்தில்தான் நம் மனம் பல சமாதானங்களைச் சொல்லிற்று. அவற்றை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்துப் பார்ப்போம்.

முதற் சமாதானம்: காடு யாருக்கும் சொந்தமில்லை, கேட்பாரற்ற பொருளை எடுத்தால் என்ன?

சட்டப்படி இது தவறு. தீபகற்ப மலேசியாவில் 1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டம், நிரந்தர வனக் காப்பகத்திலிருந்து உரிமம் இல்லாமல் வனப்பொருளை எடுப்பதைக் குற்றமாக்குகிறது. சிங்கப்பூரில் இயற்கைக் காப்பகத்தில் செடியைப் பறித்தாலோ பிடுங்கினாலோ ஐம்பதாயிரம் வெள்ளி வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்க இடமுண்டு. ஆனால் சட்டத்தைச் சொல்லி இந்தக் கேள்வியை முடித்துவிட நாம் விரும்பவில்லை. சட்டம் இல்லாத இடத்திலும் நியாயம் உண்டு.

சாலையில் ஒரு லாரியிலிருந்து அரிசி மூட்டை விழுந்து கிடக்கிறது. பக்கத்தில் ஆள் இல்லை. அதைக் கேட்பாரற்ற சரக்கு என்று நாம் கடைக்குள் இழுத்துக்கொள்வோமா? உடையவர் இப்போது இங்கே இல்லை என்பது வேறு. உடையவரே இல்லை என்பது வேறு. இந்த வித்தியாசம் நம் மக்களுக்குப் புதிதன்று. நம்பி ஒப்படைத்த பொருளுக்கு அமானிதம் என்று பெயர் சொல்லி, அதைத் தன் சரக்கோடு கலக்காமல் தனியே வைத்த கடைக்காரர்களை நம்மில் மூத்தவர்கள் கண்டிருப்பார்கள். காட்டுக்கும் பாத்தியதை உடையோர் உண்டு. அதன் ஓரத்தில் வாழும் மக்கள், நாளை பிறக்கப்போகும் பிள்ளைகள், அந்தப் பூவின் கனியைத் தின்னும் சிற்றுயிர்கள் எல்லாம் வந்து கையெழுத்துப் போட்டுக் கேட்க முடியாது. கேட்க முடியாதவரின் பங்கை எடுப்பது, கேட்பவரின் பங்கை எடுப்பதைவிட இலேசான குற்றம் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

இரண்டாவது சமாதானம்: ஒன்றே ஒன்றுதானே எடுத்தோம்?

நாமும் இதைத்தான் மிகவும் நம்பினோம். ஆனால் ஒவ்வொருவரும் எடுப்பது ஒன்றுதான். நூறு வண்டி நின்றால் நூறு. நிழற்செடிகளோ வெண்டையும் கீரையும் போல நாற்பது நாளில் கணக்கைச் சரிக்கட்டுபவை அல்ல. பினாங்கு மலையிலும் கெடாவின் ஜெராய் மலையிலும் நிழல் தரையில் வளரும் பாபியோபெடிலம் பார்பாட்டம் என்ற செருப்புப் பூ ஆர்க்கிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்க்கிட்டின் விதை பொடி போன்றது. கட்டுச்சோறு இல்லாமல் பயணம் புறப்பட்டவனைப் போல அதற்குள் சேமித்த உணவு கிடையாது. பொருத்தமான பூஞ்சையின் துணை கிடைத்தால்தான் முளைக்கும். ஆயிரமாயிரம் விதையில் ஒன்று பிழைத்து, ஆண்டுகள் பல கழித்துத்தான் பூக்கும். அந்த ஒன்றைத்தான் நாம் "ஒன்றுதானே" என்கிறோம்.

அந்த இனத்திலேயே, சபாவின் கினபாலு மலைப்பகுதிக்கு உரிய ரோத்சைல்டியானம் என்ற பூவுக்கு நேர்ந்ததை வியாபாரிகளாகிய நாம் அறிந்திருப்பது நல்லது. 1888இல் அது பெயர் பெற்று ஐரோப்பியச் சந்தைக்கு அறிமுகமானபோது, நியூகினியிலிருந்து வந்த சரக்கு என்று அறிவிக்கப்பட்டது. போட்டிக்காரர்கள் வழி தெரிந்து வந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொன்ன பொய் அது என்பர். பின்னர் அந்தப் பூ இருக்குமிடம் பல்லாண்டுகள் தெரியாமற்போய், 1959இல்தான் மீண்டும் காணப்பட்டது. கண்ட பிறகும் திருட்டுத் தொல்லை ஓயவில்லை. இன்று அந்த இனம் முழுவதும், அழியும் உயிர்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் உலக உடன்படிக்கையின் முதற் பட்டியலில் இருக்கிறது. காட்டிலிருந்து எடுத்ததை நாடு விட்டு நாடு விற்க முடியாது. ஊர் பேரை மாற்றிச் சொன்ன ஒரு பொய்யும், ஒவ்வொன்றாக எடுத்த பல கைகளும் சேர்ந்து ஒரு பூவை எங்கே கொண்டுவந்து நிறுத்தின, பாருங்கள்!

மூன்றாவது சமாதானம்: எப்படியும் காடு அழியத்தானே போகிறது? நாம் எடுத்தால் ஒன்றாவது பிழைக்கும் அல்லவா?

இதில் உண்மை கொஞ்சம் இருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. சிங்கப்பூரில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் காசுக்கட்டித் தோட்டத்துக்காகவும் மிளகுத் தோட்டத்துக்காகவும் காடு வேகமாக அழிந்தது. அந்த மிளகு எங்கெங்கு போயிற்று, யார் யார் கை மாறிற்று என்று பார்த்தால் வியாபார உலகம் முழுவதும் அதில் பங்காளி. 1883இல் காப்பகமாக்கப்பட்ட புக்கிட் தீமாவில் இன்று நிற்பது ஏறக்குறைய 163 ஹெக்டேர். அந்தச் சிறு காட்டுத் தீவிலும் சுற்றுப்புறத்திலும் இன்னும் எத்தனை செடிகள் பெயர் தெரியாமல் நிற்கின்றனவோ! சிங்கப்பூரின் பெயரையே தாங்கிய ஜிஞ்சிபர் சிங்கப்பூரென்ஸ் என்ற காட்டு இஞ்சி, தாவர நூலில் தனிப்பெயர் பெற்றது 2014இல்தான். அதுவரை எத்தனையோ பேர் அதைத் தாண்டி நடந்திருப்பார்கள்.

வெட்டுவதற்கு உத்தரவாகிவிட்ட நிலத்தில், அனுமதி பெற்று, தெரிந்தவர்கள் கூடிச் செடிகளைப் பெயர்த்து வேறிடத்தில் நடுவது நல்ல தொண்டு. அதைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் வீடு எரியும்போது உள்ளே புகுந்து சாமான்களை வெளியே எடுப்பவன் வேறு. என்றைக்காவது தீப்பிடிக்கலாம் என்று சொல்லி இன்றைக்கே எடுத்துப் போகிறவன் வேறு. நாம் வண்டியை நிறுத்திய அந்தக் காட்டுக்கு யாரும் கோடரி ஓங்கவில்லை. அன்று ஓங்கியது நம் இரும்புக் கம்பி ஒன்றுதான்.

மேலும், அழிந்ததை மீட்கும் வழி பிடுங்குவதில் இல்லை, வளர்ப்பதில் இருக்கிறது என்பதற்கு இந்நாடுகளே சாட்சி. 1922இல் அமெரிக்காவில் நட்சன் என்ற விஞ்ஞானி, பூஞ்சையின் துணையின்றியே சர்க்கரை கலந்த கூழில் ஆர்க்கிட் விதையை முளைக்க வைக்கும் முறையை வெளியிட்டார். சில ஆண்டுகளில் சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்தின் தலைவர் ஹோல்ட்டம் அம்முறையை இங்கே கொண்டுவந்தார். சிங்கப்பூர்க் காட்டில் இல்லாமற்போன புலி ஆர்க்கிட்டைப் பிற்காலத்தில் அதே வழியில் விதையிலிருந்து குப்பியில் வளர்த்து, மரக்கிளைகளில் கட்டி, மீண்டும் ஊருக்குள் பூக்க வைத்தார்கள். அது நிழற்பூ அன்று, மரத்தின் மேல் வெளிச்சம் தேடுவது. ஆனாலும் பாடம் ஒன்றே. கோலாலம்பூரை அடுத்த கெப்போங்கில், ஈயம் தோண்டி வெறுமையாய்க் கிடந்த நிலத்தில் 1920களில் மரம் நடத் தொடங்கினார்கள். இன்று அது வன ஆராய்ச்சிக் கழகத்தின் பெருங்காடு; 2025இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம் பெற்றது. நட்டவர்களில் பலர் அந்த நிழலில் நின்றிருக்க மாட்டார்கள்.

நான்காவது சமாதானம் நமக்கே உரியது, வியாபாரியின் சமாதானம். நான் வாங்காவிட்டால் எதிர்க்கடைக்காரர் வாங்குவார்.

இதை நாம் கேட்டது, வடக்கே ஒரு நகரில் நாட்டு மருந்துச் சரக்குக் கடை வைத்திருக்கும் மூத்த நண்பர் ஒருவரிடம். அவர் கடையில் கச்சிப் பாத்திமா விற்பதுண்டு. மலாய்ப் பெண்மணிகள் பிரசவ காலத்தில் நெடுங்காலமாகக் காய்ச்சிக் குடித்துவரும் மூலிகை அது. இப்போது காப்பிப் பொடியிலும் டப்பாப் பானத்திலும் கூட அதன் பெயரைப் பார்க்கிறோம். லாபிசியா புமிலா என்பது தாவரப் பெயர். அதுவும் காட்டு நிழல் தரையின் குழந்தைதான். சுமார் ஓரடி உயரம், நீண்ட இலை, இலைக் கணுவில் வெள்ளையோ இளஞ்சிவப்போ ஆன நுண்ணிய பூக்கள். அதில் முக்கியமாக மூன்று வகை உண்டு. பிரித்தறிய இலைக்காம்பைப் பார்க்க வேண்டும். ஒன்றில் காம்பின் இருபுறமும் அகன்ற இறக்கை. ஒன்றில் ஒடுங்கிய விளிம்பு. ஒன்றில் இறக்கையே இல்லாத நீண்ட காம்பு. ஆனால் காய வைத்துப் பொடியாக்கிவிட்டால் எது எந்த வகை, எந்தக் காட்டுச் சரக்கு என்று கண்ணால் யாராலும் சொல்ல முடியாது. அங்கே வாங்குபவருக்கு உள்ள ஒரே ஆதாரம் விற்பவரின் வாய்ச்சொல்.

நாம் போயிருந்தபோது கடைப் பின்புறத்தில் இரண்டு சாக்கு இறங்கிற்று. வேரோடும் மண்ணோடும் செடிகள்.

"காக்கா, இது எந்த ஊர்ச் சரக்கு?" என்று கேட்டோம்.

"காட்டுச் சரக்கு, தம்பி. தோட்டத்தில் வளர்த்ததைவிட இதற்குத்தான் வீரியம் என்று ஆட்கள் தேடி வருகிறார்கள்" என்றார்.

"வேரோடு வந்திருக்கிறதே. வருகிற வருஷம் அங்கே என்ன இருக்கும்?"

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நான் வேண்டாம் என்றால் எதிர்க்கடையில் இறங்கும். செடி பிழைக்கப் போகிறதா? என் யாவாரம்தான் போகும்" என்றார்.

இதற்கு அன்று நம்மிடம் பதில் இல்லை. ஊர் திரும்பிய பிறகுதான் தோன்றிற்று. எதிர்க்கடைக்காரர் எடை குறைக்கிறார் என்பதற்காக நம் தராசை நாம் சாய்ப்பதில்லை. அவர் கலப்படம் செய்கிறார் என்பதற்காக நாமும் செய்வதில்லை. அந்த இடங்களில் "நான் செய்யாவிட்டால் அவர் செய்வார்" என்ற பேச்சு நம் வாயில் வருவதே இல்லை. காட்டு விஷயத்தில் மட்டும் அது ஏன் நியாயமாகத் தோன்றுகிறது? எடை குறைந்தால் வாடிக்கைக்காரர் திரும்பி வந்து சண்டை போடுவார். காடு வந்து சண்டை போடாது. அவ்வளவுதான் வித்தியாசம். அப்படியானால் இதுவரை நம் தராசை நேராக நிறுத்தியது நம் நேர்மையா, வாடிக்கைக்காரரின் சண்டைக்குப் பயந்த பயமா? இந்தக் கேள்வியை நண்பருக்குக் கடிதமாக எழுதினோம். எழுதும்போது நம் வௌவால் பூவின் கதையையும் மறைக்காமல் எழுதினோம். நமக்கு உபதேசம் செய்யும் தகுதி இல்லை என்பது அவருக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

இங்கே இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். மூலிகை பறித்து வருபவர்களில் காட்டையே வீடாகக் கொண்ட ஓராங் அஸ்லி மக்களும் உண்டு. அவர்களுக்கு எந்தச் செடி எங்கே, எந்தப் பருவத்தில், எவ்வளவு எடுத்தால் மிஞ்சும் என்ற அறிவு பரம்பரையாக உண்டு. அவர்கள் பிழைப்பில் மண்ணைப் போடுவது நியாயமாகாது. தன் வீட்டுக்கு ஒரு பிடி பறிக்கும் கை காட்டைக் காலி செய்வதில்லை. சாக்குக் கணக்கில் கேட்பவரும், வேரோடு வந்தால் அதிக விலை தருபவரும்தான் காலி செய்கிறார்கள். அதாவது, பெரும் பொறுப்பு பெட்டியடியில் உட்கார்ந்திருப்பவருடையது.

நண்பர் பதில் எழுதச் சில மாதம் ஆயிற்று. வேரோடு வரும் சாக்கை அவர் நிறுத்திவிட்டார். நிழல் வலையின் கீழ் தண்டுத் துண்டுகளை நட்டு வளர்க்கும் ஒருவரைக் கண்டுபிடித்து அவரிடம் கொள்முதல் செய்கிறார். பழைய மலைவாழ் குடும்பம் ஒன்றிடமும் வாங்குகிறார். அடித்தண்டை மண்ணில் விட்டுவிட்டு மேற்பகுதியை மட்டும் கொண்டு வந்தால் அதே விலை என்று பேசியிருக்கிறார். பொட்டலத்தில் "தோட்டத்தில் வளர்ந்தது" என்றும் "காட்டில் பறித்தது" என்றும் தனித்தனியே அச்சிடுகிறார். அடக்க விலை ஏறிவிட்டது. சில வாடிக்கைக்காரர்கள் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள். "நஷ்டம் இல்லை என்று எழுதினால் பொய், தூக்கம் வருகிறது என்று எழுதினால் மெய்" என்று முடித்திருந்தார்.

வீட்டில் நிழல் உள்ள ஓர் இடமும், காட்டுப் பூவின் மேல் ஆசையும் உடைய நண்பர்களுக்கு, நாம் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்லி முடிக்கிறோம்.

காட்டுக்குப் போனால் முதலில் கண்ணால் மட்டும் கொள்முதல் செய்யுங்கள். கைப்பேசியில் படம் எடுக்கலாம். பூவை மட்டும் எடுத்தால் போதாது. இலையின் மேற்புறம், அடிப்புறம், காம்பு, நிற்கும் இடத்தின் நிழல் எல்லாவற்றையும் எடுங்கள். பெயர் தெரிந்த பிறகு, அது நம் வீட்டில் வாழக்கூடியதா என்று கேளுங்கள். வாழாது என்றால், அது இருக்குமிடத்தில் போய்ப் பார்ப்பதே மரியாதை.

வாழும் என்றால், வளர்த்து விற்பவரிடம் வாங்குங்கள். வாங்கும்போது "இது விதையில் வந்ததா, கிழங்கைப் பிரித்து வந்ததா, எங்கே வளர்ந்தது?" என்று கேளுங்கள். பையில் வளர்ந்த செடி வேறு, பிடுங்கிப் பையில் வைத்த செடி வேறு. வளர்த்தவை பெரும்பாலும் ஒரே அளவாக நிற்கும். வேர் பை முழுவதும் பரவியிருக்கும். பிடுங்கியவை ஒன்று பெரிது ஒன்று சிறிதாய், பழைய இலையில் காயமும் பூச்சிக் கடியுமாய், அறுந்த வேரோடும் பையின் கலவைக்குச் சேராத ஒட்டுமண்ணோடும் இருக்கும். விற்பவர் விடை சொல்லத் தயங்கினால் நாம் வாங்கத் தயங்க வேண்டும்.

வைக்கும் இடம் காலை வெயில்கூட நேரே படாத நிழலாக இருக்கட்டும். ரம்புத்தான் மரத்தடி நல்ல இடம். இல்லையேல் கறுப்பு வலை போதும். உதிர்ந்த இலைகளைக் கூட்டித் தள்ளாதீர்கள். மக்க விட்டு அதையே உரமாக்குங்கள். தொட்டியில் தண்ணீர் தேங்கக் கூடாது. மண் ஈரமாக இருக்க வேண்டும், சேறாக அன்று. விதையிட்டால் பொறுமை வேண்டும். வௌவால் பூவின் விதை முளைக்கவே சில மாதம் ஆகலாம்.

அந்தப் பூவைப் பற்றி இன்னொரு செய்தியும் படித்தோம். சீனத்து யுன்னான் மாநிலத்தில் அதன் கருமடல் உறவினத்தை ஆராய்ந்தவர்கள் 2005இல் வெளியிட்டது. அத்தனை மீசையும் சிறகும் பூச்சிகளை அழைக்கவே என்று எல்லோரும் எண்ணியிருக்க, அந்தச் செடி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே தான் காய்க்கிறதாம். வாடிக்கைக்காரர் வந்தாலும் வராவிட்டாலும் கடையைத் திறந்து வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் வண்டியை நிறுத்திய அன்றும் அது நமக்காகப் பூக்கவில்லை.

இப்போது நம் வீட்டுப் பின்புறத்தில், கிணற்றடி நிழலில், ஒரு வௌவால் பூச்செடி இருக்கிறது. வளர்ப்பவர் ஒருவரிடம் விலை கொடுத்து, ரசீது வாங்கி, கணக்கிலும் எழுதியாயிற்று. இன்னும் பூக்கவில்லை, நான்கு இலை விட்டிருக்கிறது. பேராக் காட்டில் நாம் தோண்டிய குழியின் கணக்கு மட்டும் இன்னும் நேராகவில்லை. அந்தப் பக்கத்தை நாம் மூடாமல் வைத்திருக்கிறோம். சரிக்கட்டும் வழி அறிந்த நண்பர்கள் எழுதினால் நன்றியுடன் ஏற்போம்.